நாலு மூலையிலும் மஞ்சள்

தில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பால்கனிதான் என் அச்சுக்கூடம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, மையை வழித்துத் தள்ள ஒரு ரப்பர் பட்டை, காயப்போட அம்மாவின் துணிக்கொடி. கல்லூரி முடித்த குளிர்காலத்தில், என் முதல் ஸ்கிரீன் பிரிண்டை வெளியிடப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். மொத்தம் இருபதே பிரதிகள். ஹவுஸ் காஸில் சின்னதாக ஓவியக் காலரி வைத்திருந்த ஒருவர் ஒரு சாயங்காலம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். படங்கள் விலைபோகாவிட்டால் வங்கிப் பரீட்சை எழுதுவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் விண்ணப்பத்தை வாங்கியே வைத்துவிட்டார். என் கலை மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

படத்தில் இருந்தது அம்மா. புடவைக்கு மேல் அப்பாவின் ஸ்வெட்டர், ஹவாய் செருப்புக்குள் திணித்த சாக்ஸ், கையில் பால் தூக்கு. தில்லிக் குளிரில் எங்கள் காலனி மாமிகளின் சீருடை அது. அம்மாவுக்குப் படத்தைப் பற்றிப் புகார் இல்லை, எண்ணிக்கையைப் பற்றித்தான்.

"இருபதோட எதுக்குடி நிறுத்தணும்? சட்டம்தான் கையில இருக்கே. வரவாளுக்கெல்லாம் ஒண்ணு குடுக்கலாமே."

இருபது முடிந்ததும் துணியிலிருந்து படத்தையே கழுவி அழித்துவிட வேண்டும், அதற்குத்தான் மதிப்பு என்று விளக்கினேன். கஞ்சத்தனம் என்று சொல்லிவிட்டுக் குக்கரைக் கவனிக்கப் போனாள்.

கண்காட்சியன்று காலை குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டே துணியிலிருந்த படத்தைக் கழுவி அழித்தேன். காய்ந்த பத்தொன்பது பிரதிகளைச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கினேன். கடைசிப் பிரதி மட்டும் ஈரத்தோடு கொடியில் தொங்கியது. இடையில் வைக்க மெல்லிய தாள் வாங்க மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அம்மா கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதைப்போல மேஜையிலிருந்த ஒவ்வொரு படத்துக்கும் நாலு மூலையிலும் தடவி முடித்திருந்தாள்.

"நல்ல காரியமா வெளியில போறது. மொட்டையாவா அனுப்புவா?" என்றாள். "ஜல்தி காஞ்சுடும்."

நான் கத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்து அழவும் செய்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால், நீலமும் கறுப்புமான படத்தின் ஓரங்களில் அந்த மஞ்சள் கொள்ளை அழகாக இருந்தது. அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. வேறு வழியும் இல்லை, இருபதையும் அப்படியே கொண்டுபோய் மாட்டினேன்.

"அச்சா, யோசித்துச் செய்ததா?" என்று காலரிக்காரர் மஞ்சளைக் காட்டி இந்தியில் கேட்டார். கூசாமல் ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் கால் தரையில் பாவவில்லை. அம்மா அதே ஸ்வெட்டரும் சாக்ஸுமாக வந்திருந்தாள். எல்லோரும் சுவரைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மஞ்சள் வைத்த பத்தொன்பதும் விற்றுப்போய்விட்டன. கொடியில் தொங்கியதால் மஞ்சள் படாமல் மிஞ்சிய ஒன்றின் முன்னால் ஒரு பஞ்சாபி அம்மாள் நின்று முகம் சுளித்தார்.

"இஸ் மே ஹல்தி நஹீ ஹை?"

இதில் மஞ்சள் இல்லையா என்று கேட்கிறார்; குறைப்பட்ட பிரதி என்று நினைத்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஒன்று விடுபட்டது தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் விரலை நனைத்து, மஞ்சளைத் தொட்டு, நாலு மூலையிலும் வைத்தாள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. அந்த அம்மாள் கும்பிடாத குறைதான். அங்கேயே வாங்கிக்கொண்டார்.

"பரீட்சை அடுத்த வருஷமும் வரும்," என்றார் அப்பா. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

காலரி மூடும் நேரத்தில் ஒரு இளம் தம்பதி மூச்சிரைக்க வந்து தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். பெரிய கலைஞி தோரணையில் நான் இருபது பிரதிகளின் மகத்துவத்தை விளக்க ஆரம்பித்தேன். அம்மா என் முழங்கையை இடித்தாள்.

"பாவம்டி, குளிர்ல வந்திருக்கா. ஆத்துக்குப் போய் இன்னும் ரெண்டு போட்டுக் குடேன். மஞ்சள் மீதி இருக்கு."