காதுகுத்து லீவு

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், கீழே பிளாஸ்டிக் குடம் தயாராகும் ஒரு கட்டடத்தின் மாடியில் கமலக்கண்ணன் ஜாவா எழுதிக்கொண்டிருந்தான். படிப்பு முடித்ததிலிருந்து அதே கம்பெனி, அதே நாற்காலி. வெளிநாட்டில் யாரோ பட்டனை அழுத்தினால் இங்கே பின்னணியில் கணக்கு சரியாக நடக்க வேண்டும். நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் பாதி வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆள் குறைக்கப்போகிறார்கள் என்பது முதலில் டீக்கடைக்காரருக்கும், பிறகு ஆபீசுக்கும் தெரிந்தது.

கமலக்கண்ணன் இண்டர்வியூவுக்குப் படிக்க ஆரம்பித்தான். தினமும் எழுதுகிற ஜாவாவுக்கும் இண்டர்வியூவில் கேட்கிற ஜாவாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஜாவா தகவலை அடுக்கிவைக்கிற ஹேஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று இத்தனை வருடமாக அவனை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்காத ஆள் இல்லை. ரெட்டியார்பாளையம் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடியே பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். பக்கத்து வீட்டு அம்மா ஏதோ ஜபம் என்று நினைத்து, அவன் முடிக்கும்வரை டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

படிப்பதுகூடப் பரவாயில்லை, லீவு கிடைப்பதுதான் பெரும்பாடு. இண்டர்வியூ வைக்கிறவர்களுக்கு வேலைநாள்தான் ராசி. இதற்காக ஒரு பெரியப்பா ஏற்கெனவே காலமாகியிருந்தார். மனிதர் திண்டிவனத்தில் நன்றாகவே இருக்கிறார். சென்னைக் கம்பெனி ஒன்று கடைசிச் சுற்றுக்கு வெள்ளிக்கிழமை குறித்தபோது, இதைவிட்டால் வேறு அழைப்பு இல்லை என்பதால் அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை லீவு வேணும்ணா. பாப்பாவுக்குக் காதுகுத்து."

டீம் லீடர் நெடுமாறன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மயிலத்துலயா?"

"ஆமாண்ணா."

"நல்லபடியா முடி," என்று லீவு கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவன் மனைவி சிவசங்கரி பாப்பாவின் பள்ளிக்கூட டப்பாவில் தயிர்சாதம் அடைத்துக்கொண்டே, என்ன சொல்லி லீவு வாங்கினான் என்று கேட்டாள். சொன்னான். கரண்டி நின்றது.

"யாருகிட்ட சொன்னீங்க?"

"நெடுமாறன் அண்ணாகிட்ட."

"இந்த டப்பாவே அவரு காதுகுத்துக்கு வச்சுக் குடுத்ததுதான. மயிலத்துல உங்க பக்கத்துலதான உக்காந்து சாப்ட்டாரு. ரெண்டாவது தடவ பாயசம் கேட்டு வாங்கினாரு."

பாப்பா தோட்டை ஆட்டிக்கொண்டு வேன் ஏறிப் போயிற்று. கமலக்கண்ணன் மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக லேப்டாப் முன் உட்கார்ந்தான். சென்னைக் கம்பெனிக்காரர்கள் வீடியோவில் ஹேஷ்மேப்பைத்தான் கேட்டார்கள். அவன் மனசு மயிலத்துப் பந்தியில் இருந்தது. பொய் தெரிந்தே ஏன் லீவு கொடுத்தார், மேலே போய்ச் சொல்லியிருப்பாரோ என்றே ஓடிக்கொண்டிருந்தது. எதிரே இருந்தவர் நல்ல மனிதர், தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். குடித்துவிட்டு வந்தும் ஒன்றும் வரவில்லை. சாயங்காலமே வருத்தம் தெரிவித்து மெயில் வந்தது. அவனுக்கு அழுகை வந்தது. சிவசங்கரி பார்க்காதபடி முகம் கழுவிக்கொண்டான்.

திங்கட்கிழமை நெடுமாறன் அவனை டீக்கடைக்கு அழைத்துப்போனார். மாதக்கணக்கில் காணாத தெளிவு அவர் முகத்தில்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள டீம்ல ஒரு பேரு குடுக்கணும்னு நின்னாங்கடா. எனக்குத் தூக்கமே இல்ல. யாரக் குடுத்தாலும் பாவம். நீ வந்து காதுகுத்துன்ன பாரு, அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு."

கமலக்கண்ணன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"நம்ம டீம்ல ராஜவேலு ஒரு எடத்துக்கும் அப்ளை பண்ணல. அவன எடுத்தா நடுத்தெருவுலதான் நிப்பான். நீதான் வேற எடம் பாத்துட்டியே. அதான் உன் பேரக் குடுத்துட்டேன். எப்டிப் போச்சு?"

"நல்லாப் போச்சுண்ணா."

"தெரியும்டா. நீ படிக்கிற ஆளு." நெடுமாறன் அவன் தோளைத் தட்டி, ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "போய்ச் சேந்ததும் என் ரெஸ்யூமேயையும் அங்க குடுத்து வை. அடுத்த லிஸ்ட்டுல நான்தான்."

"குடுக்கறேண்ணா," என்றான் கமலக்கண்ணன்.