மணிக்கு மடங்கிய நாக்கு

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்தித்தான் தொடங்குகிறேன். குற்றவாளிகள் இருவர். ஒருவர் எங்கள் ஊர்க் கிரிக்கெட் கழகத் தலைவர். மற்றவன் நான்.

எங்களால் ஏமாந்த அம்மையார் கடல் கடந்து வந்த விஞ்ஞானி. மண்டபம் கரையில் கடற்பாசி வகைகளை ஆராய ஆறு வாரம் தங்கினார். தம் நாட்டுப் பெண்கள் அணிக்காக அயல்நாட்டு அணிகளை எதிர்த்துப் பந்து வீசியவர். ஆட்டத்துக்கு விடுப்புக் கேட்டால் ஆய்வகத்தில் சிரித்தார்களாம்; ஆய்வால் பயிற்சிக்குத் தாமதமானால் மைதானத்தில் முணுமுணுத்தார்களாம். இரண்டையும் அவர் விடவில்லை. கல்லூரி விடுமுறையில் நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். பேச்சுப் போட்டிகளில் கேடயங்கள் வென்ற கர்வம் தலைக்கு ஏறியிருந்த காலம்.

மறுநாள் அவர் தனுஷ்கோடியில் கப்பல் ஏற வேண்டும்; புயல் அந்த ஊரை அழிக்காத காலம் அது. அதற்குள், அன்று எங்கள் மைதானத்தில் நடக்கவிருந்த கோப்பை ஆட்டத்தில் ஒரே ஒரு ஓவர் வீச ஆசைப்பட்டார். கடலில் பாசி எடுக்கும் பெண்களிடம் அன்று காலையில் அதை நானே தமிழில் சொன்னேன். பார்ப்பதற்காக ஈரச் சேலையோடு நடந்தே வந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன் மேடையில் சிறப்பு விருந்தினராக அவர் பேச, நான் தமிழாக்கினேன். கடைசியாக, “இன்று உங்களோடு ஒரு ஓவர் வீச விரும்புகிறேன், அனுமதிப்பீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இன்று உங்களோடு” என்று நான் வாயெடுத்தேன். ஆங்கிலம் அறிந்த தலைவர் மேசைமணியைத் தட்டினார். பேச்சுப் போட்டியில் மணி அடித்த பின் பேசினால் மதிப்பெண் போகும். ஐந்தாண்டுப் பழக்கத்தில் என் நாக்கு தானாக மடங்கியது. “இருப்பதில் மகிழ்ச்சி. நன்றி, வணக்கம்” என்று முடித்தேன்.

கைதட்டல் எழுந்தது. அதைச் சம்மதம் என்று எண்ணி, அம்மையார் சட்டைக்கையை மடித்துப் பந்தோடு இறங்கினார். தலைவர் சிரித்தபடி பந்தை வாங்கிக்கொண்டு பந்தலில் நாற்காலியைக் காட்டினார். சோடா வந்தது. அம்மையார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாலையில் வென்றவர்களுக்குக் கோப்பையை அவர் கையாலேயே கொடுக்கவைத்தார்கள்.

பாசிக்காரப் பெண்ணொருத்தி என்னை மறித்தாள். “ஏலே, அந்தம்மா பந்து போடும்னு நீதான சொன்னே? கோப்பை குடுக்கிறதப் பாக்கவா அங்கன இருந்து நடந்து வந்தோம்?”

“மணி அடிச்சுட்டாக, அக்கா.”

“மணி அடிச்சா நாங்க கோயிலுக்குப் போவோம். நீ வாயப் பொத்திக்கிருவியோ?”

“கேடயம் வாங்குன வாயாம்ல” என்றாள் இன்னொருத்தி.

ஒரு பெண் வீசி ஓர் ஆணின் விக்கெட் விழுந்தால் மானம் போகும் என்று நடுங்கிய அந்தத் தலைவர்மேல் என் கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அவர் தட்டியது மணியை மட்டும்; சொல்லை விழுங்கியவன் நான்.

ஸ்டம்புகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீண்டும் மேடையேறி, விழுங்கிய வாக்கியத்தை முழுதாகத் தமிழில் சொன்னேன். பிறகு அம்மையாரிடம், நான் செய்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவரின் கை மணிக்குப் போனது, அடித்தது. அந்த ஓசைக்கு மேலே குரலை உயர்த்தினேன்:

“இனி ஒருவர் பேச்சை நான் எடுத்துச் சொன்னால், அவர் நிறுத்தும் இடத்தில்தான் நிறுத்துவேன், எவர் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன்.”