பீஸ் போயி

நான் லேத்தில் கடைந்த வளையம் ஒன்றால் ராக்கெட் விழிஞ்ஞம் கடலில் விழப்போகிறது என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நம்பினேன். ராக்கெட் கிளம்புவது இந்த மலையாள ஊரிலிருந்தே இல்லை. பயத்துக்குப் பூகோளம் தெரியாது.

ராக்கெட் பாகங்கள் செய்யும் பட்டறையில் எனக்கு இரவு ஷிப்ட். அன்று ஒரு அலுமினிய வளையத்தின் உட்துளையைக் கடைந்து முடித்ததும், ஆறவிடாமல், துளையை அளக்கும் டயல் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தேன். முள் கூடுதல் காட்டியது. சூட்டில் உலோகம் விரியும், ஆறின பிறகுதான் அளக்கணும் என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்கிறவன் நானேதான். முள்ளைப் பார்த்ததும் பிரசங்கம் மறந்துபோயிற்று. துளை சிறிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடையலாம். பெரிதாகிவிட்டால், சுரண்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்டவைக்க எந்தச் சாமியாலும் ஆகாது. அந்த வளையத்தில் எனக்கு முன்னால் பலபேர் வாரக்கணக்கில் வேலை பார்த்திருந்தார்கள்.

அளவறையில் இருந்த மலையாளிப் பெண், ஏசியில் கிடந்து ஆறட்டும், அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்று என்னை வீட்டுக்குத் துரத்தினாள்.

ஸ்ரீவராகத்தில் வாடகை வீடு. ஜன்னலை அடைத்துவிட்டு உறங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தபோது, போனில் அவள் குரல்செய்தி வந்து விழுந்தது.

“பீஸ் போயி அண்ணா. கிடந்நு உறங்ஙு.”

பீஸ் என்றால் அந்த வளையம். நாகர்கோவில்காரன் காதுக்குப் போயி என்றால் போச்சு. பால் திரிந்தால் போச்சு, பல்பு அணைந்தால் போச்சு. உறங்கச் சொன்னதுகூடத் துக்க வீட்டு ஆறுதலாகப் பட்டது. எழுந்து உட்கார்ந்து, மேலதிகாரியிடம் சொல்லவேண்டிய மன்னிப்பைத் தமிழில் ஒருதடவை, மலையாளத்தில் ஒருதடவை ஒத்திகை பார்த்தேன். மலையாளத்தில் குற்றம் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது.

இட்லித் தட்டோடு வந்த மனைவி, “யாருகிட்ட பேசுதிய?” என்றாள்.

“பீஸ் போச்சுட்டி.”

“போச்சுன்னா, எங்க போச்சு?”

“கெட்டுப்போனதுக்கு அட்ரஸ் கேக்குதியே.”

“அந்தப் பிள்ளைகிட்ட கேளுங்க. என்கிட்ட ஏன் சாடுதிய?”

போன் போட்டுக் கேட்டேன். அவளுக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை.

ஆறிய பிறகு வளையம் அளவில் சரியாக இருந்திருக்கிறது. காலை வண்டியில் அடுத்த பட்டறைக்குப் போய்விட்டது.