காத்தாயி அக்காவின் சங்கிலி ஜெபம்

காத்தாயி அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எஸ்தர். பாஸ்டர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "அது என்னைத்தான்னு எனக்கே தோண மாட்டேங்குது ஐயா" என்று சொல்லிவிட்டாள். அதனால் செஞ்சியில் எங்கள் சபையில் ஊர் அம்மனின் பெயரோடு ஒரு விசுவாசி இருக்கிறாள்.

அவள் கணவர் இளையபெருமாள் அண்ணன் கொத்தனார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடப்பார். அன்றிலிருந்து நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று குடும்பத்தை இழுப்பது அக்காதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் ஜெபித்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். பாஸ்டர் "மகிமையுள்ள தேவனே" என்று ஆரம்பிப்பார். அக்கா "இந்தா பாருப்பா" என்று ஆரம்பிப்பாள். "இந்தா பாருப்பா, உள்ள அறுக்கறாங்க. எனக்குப் பயமா இருக்குது. நீ உள்ள போயி நில்லு, நான் வெளிய நிக்கறேன்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை. டாக்டர் வெளியே வரும்வரை அசையாமல் நின்றாள்.

அனந்தபுரத்தில் இருக்கும் தங்கை ஒரு கிடேரிக் கன்றைக் கொடுத்தாள். அதைப் புல்லறுத்துப் போட்டு வளர்த்தாள் அக்கா. செவலை என்று பெயர். இந்த வருடம் முதல் சினை. கன்று போட்டால் சொசைட்டிக்குப் பால் ஊற்றலாம், அண்ணனும் உட்கார்ந்த இடத்தில் மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம், வெயிலில் நடவுக்குப் போவதைக் குறைக்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாள் நெருங்கிய நேரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடி மின்னலில் மிரண்டு, செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. தலைச்சன் ஈற்று. ஆள் இல்லாத இடத்தில் கன்று சிக்கிக்கொண்டால் இரண்டும் போய்விடும். அக்கா இருட்டும்வரை தேடினாள். விடிந்ததும் மறுபடி தேடினாள். கிடைக்கவில்லை.

அது மாதத்தின் முதல் சனிக்கிழமை. அன்று எங்கள் சபையில் சங்கிலி ஜெபம். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, ஆளுக்கு ஒரு மணி நேரம். அடுத்தவர் வந்து முட்டி போடும்வரை முந்தினவர் எழுந்திருக்கக் கூடாது. சங்கிலி அறுந்துவிடும். பெயர்ப் பட்டியலில் டிக் போடுவது என் வேலை.

அக்காவுக்குப் பதினோரு மணி. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு வழியில் மறித்தாளாம். "மாட்டைத் தேடாம கோயிலுக்குப் போறியே, உங்க சாமி ஓட்டிகினு வருவாரா?"

"ஓட்டிகினு வரமாட்டாரு. எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியும் இல்ல? அதைக் கேக்கத்தான் போறேன்."

சேறு காயாத காலோடு வந்து முட்டி போட்டாள். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவள் தனகோட்டி. கோட்டை வாசலில் வேகவைத்த கடலை விற்பவள். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டே கால் ஆயிற்று. தனகோட்டி வரவில்லை. சபைக்குக் கிளம்பும்போதே போனை அணைத்துவிடுவது அவள் வழக்கம். அக்கா எழுந்து போய்த் தேடத் துடிக்கிறாள் என்று அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் எழவில்லை. குரல் மட்டும் உயர்ந்துகொண்டே போனது.

அப்போது வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். ஜெபத்துக்கு நடுவில் பேசக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என்னவென்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன் என்று தெரிந்துவிடும்.

அக்கா அடையாளம் சொல்ல ஆரம்பித்தாள். "இந்தா பாருப்பா, நீ வேற மாட்டைப் பாத்துட்டு இதை விட்டுடப் போற. நெத்தியில வெள்ளைப் பொட்டு. எடது காது கிழிஞ்சிருக்கும். வாலு நுனி கறுப்பு…"

"அதேதாம்மா!" என்றார் வாசலில் நின்றவர். "கோட்டையில இருக்குது!"

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "யாரு பேசறது?"

"எழிலரசன். கோட்டை வாட்ச்மேன்."

"ஸ்தோத்திரம். கன்னு போட்டுடுச்சா?"

"இப்பதான் வலி எடுத்திருக்குது. குதிரை லாயத்துல படுத்துகினு இருக்குது. கடலைக்கார அம்மாதான் சொல்லி அனுப்பிச்சுது, அது காவலுக்கு இருக்குது. எனக்கு இப்பதான் சாப்பாட்டு டைம் வுட்டாங்க."

அக்கா எழப் போனாள். பாதியில் நின்றுவிட்டாள். "நான் எழுந்தா சங்கிலி அறுந்துடுமே!"

"இன்னா சங்கிலியோ எனக்குத் தெரியாது. அந்த அம்மா பன்னெண்டு மணியிலருந்து மாட்டுப் பக்கத்துல முட்டி போட்டுகினு சத்தமா ஜெபம் பண்ணுது. டூரிஸ்ட்டுங்கல்லாம் போட்டோ எடுக்கறாங்க."

அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். திறந்ததும் ஓடினாள். நான் சபைப் பலகையில் "ஜெபம் கோட்டையில், அங்கே வரவும்" என்று சாக்பீஸால் எழுதிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

லாயத்து வளைவுக்குள் செவலை படுத்திருந்தது. தனகோட்டி ஒரு கையால் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே ஜெபித்தாள். கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன. தலை வரவில்லை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். கால்களை முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மாடு முக்கும்போது மட்டும் கீழ்நோக்கி இழுத்தாள். மாடு நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நாலாவது தடவையில் மூக்கு தெரிந்தது. அடுத்த முக்கலில் வழுக்கிக்கொண்டு கன்று முழுதாக அவள் மடியில் வந்து விழுந்தது.

மூச்சு இல்லை. அக்கா அதன் மூக்கைத் துடைத்து, ஒரு துரும்பை நாசியில் விட்டுக் குடைந்தாள். கன்று தும்மியது. அக்காவும் ஓவென்று அழுதுவிட்டுச் சிரித்தாள்.

"கிடேரிடி!" என்றாள் தனகோட்டி. "இயேசப்பா மாட்டுக் கொட்டாயில பொறந்தாரு. உன் கன்னு ராஜாவோட லாயத்துல பொறந்திருக்குது. பெரிய எடந்தான்!"

"சிரிக்காத. உனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது, ஜெபம் பண்ணு."

ஒரு மணிக்குக் கலைச்செல்வி பலகையைப் பார்த்துவிட்டு அங்கேயே வந்து முட்டி போட்டாள். இரண்டு மணிக்காரி, மூன்று மணிக்காரி, எல்லாரும் வந்தார்கள். வந்தவர் யாரும் திரும்பிப் போகவில்லை. நான் புல்லில் உட்கார்ந்து டிக் போட்டேன். கன்று எழுந்து நிற்கப் பார்த்து நாலு தடவை விழுந்தது. ஐந்தாவது தடவை நின்று மடியைக் கண்டுபிடித்தது.

"அஞ்சு மணிக்கு கேட்டை மூடணும்மா" என்றார் எழிலரசன்.

"ஆறு வரைக்கும் ஜெபம் இருக்குதே" என்றார் ராஜாம்பாள் அம்மா. கடைசி மணி அவருடையது.

"நடந்துகினே பண்ணுங்க. உங்க சாமி கூடவே நடக்க மாட்டாரா இன்னா?"

அப்படியே கிளம்பினோம். எழிலரசன் தன் எக்ஸ்எல் வண்டியில் காலடியில் கன்றைப் படுக்கவைத்து மெதுவாக ஓட்டினார். செவலை கத்திக்கொண்டே பின்னால் போனது. அதன் பின்னால் நாங்கள். ராஜாம்பாள் அம்மா நடுரோட்டில் கையை உயர்த்தி ஜெபித்துக்கொண்டு வந்தார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்தது.

தெரு முனையில் இளையபெருமாள் அண்ணன் நின்றிருந்தார். வாசற்படி தாண்டாதவர், ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"இன்னா கன்னு?"

"கிடேரி. உன்னை யாரு இவ்ளோ தூரம் வரச் சொன்னது?"

அவர் வண்டியோடு கூடவே நடந்தார். வீட்டுக்கு வந்ததும் கொட்டகைச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, "இங்க குடு" என்று கன்றை வாங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, வாலிலிருந்து காது வரை துடைக்க ஆரம்பித்தார்.