புரட்டாசிச் சனிக்கிழமை ஒரு நாற்காலி

என் அப்பா செல்வராஜ் டல்லாஸுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வேட்டைத் துப்பாக்கிகளுக்குக் குழல் கடைகிறார். நாங்கள் குடியிருக்கும் காப்பெல் ஊரின் தமிழர் கூட்டங்களில் அம்மா இதைப் "பைப் கம்பெனி" என்று சொல்லிவைத்திருக்கிறாள். சுற்றிலும் கம்ப்யூட்டர்காரர்கள். துப்பாக்கி என்று சொன்னால் அடுத்த கொலுவுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று அவளுக்குப் பயம்.

பெரியப்பா விண்ணப்பித்து, கிரீன் கார்டு வந்து, கோயம்புத்தூரை விட்டு வந்தோம். அங்கேயும் லேத், இங்கேயும் லேத். விமானத்தில் வந்ததுதான் அப்பா கடைசியாக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தது.

துப்பாக்கிக் குழல் ஒரே பருமனில் இருப்பதில்லை. தோட்டா வெடிக்கிற பக்கம் தடிமன், வாய்ப்பக்கம் மெலிவு. நடுவில் துளை போட்ட இரும்புத் தண்டை லேத்தின் இரண்டு முனைகளுக்கு இடையில் மாட்டி, வால்பக்க முனையை மட்டும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைப்பார் அப்பா. இரும்பைச் சீவுகிற டூல் நேராகத்தான் ஊரும். தண்டு கோணலாக நிற்பதால் குழல் சரிவாக வரும். ஒருமுறை ஊர்ந்து முடிப்பதற்குள் ஒரு கல்யாணப் பந்தி எழுந்து கை கழுவிவிடும். அப்படிப் பலமுறை ஊரவேண்டும். அவ்வளவு நேரமும் அப்பா நிற்கவேண்டும். ஓடுகிற மெஷின் முன்னால் யாரும் உட்காரக்கூடாது என்பது ஃபோர்மேன் வெர்னன் போட்ட சட்டம்.

அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் அப்பா சோபாவில் உட்கார்ந்தால் கிளம்பும்வரை எழுந்திருக்கமாட்டார். பெரியவர்கள் வந்தாலும்தான். "உங்கப்பாவுக்கு ரொம்ப ஹெட்வெயிட்மா" என்று கூட்டங்களுக்கு வரும் ஜம்புநாதன் அங்கிள் என்னிடமே சொன்னார். எல்லா வெயிட்டும் முட்டியில் என்று நான் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டில், மான் வேட்டை சீசனுக்கு முன்னால், சனிக்கிழமையும் வேலை என்றார்கள். அப்பாவின் முட்டிகள் ஏற்கெனவே பன் மாதிரி வீங்கியிருந்தன. ஷூவைக் கழற்றக் குனிய முடியாமல் வாசற்கதவில் சாய்ந்துகொண்டு நிற்பார். ஒரு நாற்காலி கிடைத்தால் சீசனைத் தாண்டலாம், இல்லாவிட்டால் வேலையை விடவேண்டியதுதான். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

"அப்பா, ரிலிஜன்னு சொல்லுங்க. இந்த ஊர்ல அதுக்குமேல பேசமாட்டாங்க" என்றேன்.

"என்னன்னு சொல்றது?"

"புரட்டாசிச் சனி விரதம் இருக்கீங்கல்ல? விரதம் இருக்கறவங்க நிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க."

"ஏங் கண்ணு, பெருமாளே காலங்காலமா நின்னுட்டுத்தான் இருக்காரு. அவர் பேரச் சொல்லி நான் உக்கார்றதா?"

"அவரு யாருக்கும் ஓவர்டைம் பண்றதில்லப்பா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் பட்டறையில் அப்படியே சொல்லிவிட்டார். வெர்னன் தொப்பியைக் கழற்றி, உன் சாமிக்கு நான் குறுக்கே வரமாட்டேன் என்று சொல்லி, தன் ஆபீஸ் நாற்காலியையே தூக்கிவந்து போட்டாராம்.

அந்தச் சனிக்கிழமை அப்பா உட்கார்ந்து கடைந்தார். முரட்டுச் சீவலெல்லாம் நன்றாகவே போனது. தண்டு மெலிந்துவிட்ட பிறகு, கடைசி மெல்லிய சீவலில்தான் வினை. கடையக் கடையத் தண்டு சூடேறி நீளும். வால்பக்கச் சக்கரத்தை அவ்வப்போது தளர்த்திவிடாவிட்டால் இரண்டு முனைகளுக்கு நடுவே நெருக்குண்டு வளைந்து நடுங்கும். நடுங்குகிற சத்தம் அப்பாவுக்குக் கேட்டது. சக்கரம் கைக்கு எட்டவில்லை. முட்டிகள் இரண்டும் கலந்துபேசி அவரை எழுப்பிவிடுவதற்குள் குழல் முழுக்க முறுக்கு மாதிரி வரி வரியாக விழுந்துவிட்டது.

வெர்னன் வந்தார். வரிகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"திட்டுவான்னு பாத்தேன் கண்ணு" என்று அப்பா சாயங்காலம் வீட்டில் சொன்னார். "'அவசரத்துக்கு எந்திரிச்சா உங்க சாமி கோவிச்சுக்குமா'ன்னு மெதுவாக் கேட்டான். எனக்குத் தாங்கல. விரதம் நெசம், முட்டி வலி நெசம், மத்ததெல்லாம் என்ற புள்ள சொல்லிக்குடுத்ததுன்னு சொல்லிட்டேன்."

"ஐயோ! வேலை?"

"அவன் நேரா அந்த நாற்காலில போய் உக்காந்தான். பேன்ட்டச் சுருட்டி முட்டியக் காட்டறான், என்னுதவிட மோசம். சட்டத்தப் போட்டவனே உக்காந்தா நல்லாருக்காதுன்னு இத்தன வருசம் நின்னானாம். 'இந்த விரதத்துல யாரு வேணா சேரலாமா'ன்னு கேட்டான்."

"அப்புறம்?"

"தூங்கிட்டான். நான் வேற தண்டு மாட்டி நின்னுட்டே கடைஞ்சு முடிச்சேன்."

"எழுப்பியிருக்கலாம்லப்பா! அது உங்க நாற்காலி."

"பாவம் கண்ணு. முழிச்சதும் இனி உக்காந்துக்கலாம்னுட்டான். கடைசிச் சீவலுக்கு மட்டும் எந்திரிக்கணும். நாற்காலிதான் ஒண்ணே ஒண்ணு இருக்குது."

ஷூவோடு சோபாவிலேயே தூங்கிவிட்டார். கழற்றிவிட்டேன். சாக்ஸ் தடம் காலில் பதிந்து கிடந்தது.

திங்கட்கிழமை காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் ஒன்றைக் கார் டிக்கியில் வைத்துக் கட்டினேன். மேசைக்கு இப்போது ஒரு நாற்காலி குறைவு. உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.