பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில்

கண்ணில் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் தன் கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணுலயேவா?" என்பார். கண்ணிலேயேதான். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமை மூடாமல் இருக்க ஒரு கம்பியை மாட்டி, "மேல பாருங்க, அசையாதீங்க" என்பார்கள். குத்துவது ஒரு நொடிதான். மரப்பு விட்ட பிறகுதான் ஆரம்பிக்கும். மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைக் கசக்கியது போலச் சாயங்காலம் வரை எரியும். முதல் தடவை நான் பிடித்த பிடியில் நர்ஸின் மணிக்கட்டு சிவந்துவிட்டது. மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே போன ஆள் "ஐயோ அம்மா" என்று அலறியது, வெளியே பெஞ்சில் ஜெபம் செய்துகொண்டிருந்த என் மனைவிக்கும் கேட்டிருக்கிறது. அதெல்லாம் ஒரு வெட்கமே இல்லை. நான் சொல்ல வந்தது வேறு.

ஒரகடத்தில் அலுமினிய வார்ப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குக் கண்ணால் பார்க்கும் வேலை. டியூப்லைட்டுக்கு அடியில் ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தால் பூட்டு போட்ட சிவப்புப் பெட்டிக்குள் தள்ளவேண்டும். நல்ல பீஸ் என்றால் மார்க்கரால் ஒரு புள்ளி. ஆளுக்கு ஒரு நிறம், எனக்குப் பச்சை. பதினெட்டு வருஷமாக என்னைக் கம்பெனியில் 'கழுகு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தலை கனக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கழுகுக்குத்தான் சர்க்கரையால் வலது கண்ணின் விழித்திரையில் நீர் கோத்துக்கொண்டது. நேர்க்கோடு நடுவில் வளைந்து தெரிந்தது. மாதம் ஒரு ஊசி என்றார் டாக்டர். "கம்பெனில சொல்லிடு, வேற வேலை குடுப்பாங்க" என்றாள் மனைவி. பேக்கிங் வேலைதான் கொடுப்பார்கள். கழுகு போய் அட்டைப்பெட்டி ஒட்டுவதா? "உன் வேலையப் பாரு" என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மச்சான் வீட்டில் விசேஷம் என்று லீவு சொல்வேன். மறுநாள் வெள்ளை விழியில் ரத்தம் கட்டியிருக்கும். தூசி விழுந்துவிட்டது என்பேன்.

பக்கத்து மேஜையில் மஞ்சள் மார்க்கர் வைத்திருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலைக்கு வந்தவள். பார்த்து முடித்த என் ட்ரேக்கள் எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் இருந்த ஸ்டாண்டில் இருக்கும். அவளுடைய எண்ணிக்கை எப்போதும் குறைவு, சிவப்புப் பெட்டி மட்டும் சீக்கிரம் நிறைந்துவிடும். "இன்னாமா, நல்லதையும் சேத்து தள்றியா?" என்று லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கேலி செய்வேன். அவள் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள்.

நான்காவது ஊசிக்கு மறுநாள் சூப்பர்வைசர் என் எதிரில் வந்து நின்றார். "இன்னா கழுகு, கண்ணு இப்டி செவந்துகீது? மெட்ராஸ் ஐ-யா?" மெட்ராஸ் ஐ என்றால் கம்பெனி டாக்டரிடம் அனுப்புவார்கள். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தால் எல்லாம் முடிந்தது. பக்கத்தில் அவள் கண்களும் சிவந்திருந்ததைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது எனக்கு.

"எனக்கு தூசி சார். அந்தப் பொண்ணு கண்ணப் பாருங்க. ஹாஸ்டல்ல பரவுதாம்" என்றேன்.

யார் சொன்னார்கள் பரவுகிறது என்று? ஒருவரும் சொல்லவில்லை. ஒரு அறையில் எட்டுப் பேர் தங்குகிறார்கள் என்பதால் யாரும் கேள்வி கேட்கவுமில்லை. அவளை டாக்டரிடம்கூட அனுப்பவில்லை. ஐந்து நாள் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அவள் மார்க்கரை மூடி மேஜையில் வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தாள். நான் ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் எங்களிடம் பீஸ் வாங்கும் மறைமலை நகர் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. விரிசல் விட்ட பீஸ்கள், எல்லாம் பச்சைப் புள்ளி. அப்படிப் புகார் வந்தால் இங்கிருந்து ஆள் போய் அவர்கள் ஸ்டோரிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்கவேண்டும். என்னையே அனுப்பினார்கள். டார்ச்சை வைத்துக்கொண்டு, வலது கண்ணை மூடி, நல்ல கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசி மூன்று நாளில் வந்த பெட்டிகளில் விரிசல் மேல் விரிசல். முந்தைய வாரங்களின் பெட்டிகளைத் திறந்தேன். ஒன்றிலும் குறை இல்லை. ஆனால் அவற்றில் ஒவ்வொரு பீஸிலும் என் பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது.

பார்த்த பீஸுக்குப் புள்ளி வைக்காமல் விட எங்கள் தொழிலில் கை வராது. நான் டீக்குப் போன நேரத்திலெல்லாம் அவள் என் ட்ரேயை எடுத்துப் பார்த்திருக்கிறாள். தன் ட்ரேயையும் பார்த்து, என்னுடையதையும் பார்த்து, அதனால்தான் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, பெட்டி நிறைந்திருக்கிறது, கண் சிவந்திருக்கிறது. அந்தக் கண்ணைத்தான் நான் காட்டிக்கொடுத்தேன். ஸ்டோரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர் "சுகர் கொறஞ்சிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவள் திரும்பி வந்த அன்று சூப்பர்வைசர், "கண்ணு சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

"சரியாய்ட்டு சார்" என்றாள். வராத நோய்க்கு அவள் அப்படித்தான் பதில் சொன்னாள்.

அவர் போனதும் என் ட்ரேயைத் தன் பக்கம் இழுத்தாள். நான் ஒரு கையால் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா" என்றேன்.

"விடுங்கண்ணே. எங்க அப்பாவுக்கும் இந்த ஊசிதான் போட்டாவ. ரத்தம் கட்டுனா எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவியன்னுதான் இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று மதியமே சூப்பர்வைசர் அறைக்குப் போய் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மேஜைமேல் வைத்தேன். நான்கு ஊசி போட்டதையும் சொன்னேன். விரிசல் பீஸ்கள் என் கண்ணால் போனவை என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என்னை பேக்கிங்குக்கு மாற்றினார். கதவு வரை வந்தேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும் என்று தெரியும். அதைச் சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது நான் அட்டைப்பெட்டிதான் ஒட்டுகிறேன். போன மாதம் ஒன்பதாவது ஊசி. கத்துவதில்லை. அவள் வருகைப் பதிவில் அந்த ஐந்து நாளுக்கு நேராக 'மெட்ராஸ் ஐ' என்று எழுதியிருப்பதை இன்றுவரை யாரும் திருத்தவில்லை. திருத்தச் சொல்லவேண்டிய ஆள் நான்தான்.