நாற்பது என்றால் எவ்வளவு மழை

போன வருடம் தை மாதத்தில் ஒரு நாள், சுலோச்சனாவின் போன் 'மழை 40%' என்று காட்டியது. நூற்றுக்கு நாற்பது என்றால் அரை மழைகூட இல்லை, வெறும் தூறல் என்று முடிவுகட்டினாள். அறுத்த நெல்லைத் தார்ப்பாய் போடாமல் களத்திலேயே விட்டாள். மத்தியானம் முழு மழை கொட்டியது. நான்காம் நாள் நெல்லில் வெள்ளை முளை.

உத்திரமேரூரில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "சார், நாப்பதுன்னு போட்டுட்டு நூறு பெய்ஞ்சா இன்னா அர்த்தம்?"

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "அது மழையோட அளவு இல்லம்மா. வருமா, வராதான்னு சொல்றது. இப்படிக் காட்டற நூறு நாள்ல நாப்பது நாள் பெய்யும்."

சுலோச்சனா உடனே நம்பிவிடவில்லை. ஆடியிலிருந்து தினமும் காலண்டர் தாளில் எழுதினாள்: போன் சொன்ன எண், தன் நிலத்தில் பெய்ததா இல்லையா. நாற்பது காட்டிய நாட்கள் இருபத்தாறு. பெய்தது ஒன்பது நாள், ஏறக்குறைய அதிகாரி சொன்ன கணக்கு.

"போன் பொய் சொல்லல. நாமதான் தப்பா படிச்சிக்கினு கீறோம்" என்றாள் கணவன் சின்னராசுவிடம். "தைல மழை வராதுன்னு இருந்த காலமும் போச்சி."

இந்தத் தையிலும் நாற்பது காட்டியது. நெல் இன்னும் வயலில் நின்றது. பள்ளத்து வயலில் தண்ணீர் தேங்கினால் அறுவடை மெஷின் இறங்காது. கதிர் சாய்ந்து அங்கேயே முளைத்துவிடும்.

"நாலு நாள் போவட்டும்" என்றான் சின்னராசு. "ஈர நெல்ல கொள்முதல்ல திருப்பி அனுப்புவான்."

"மேட்டு வயல் நிக்கட்டும். பள்ளத்த இன்னைக்கே அறுக்கறோம்."

மெஷினோடு வந்த தினகரன் வரப்பிலேயே நின்றுவிட்டான். "இன்னாக்கா, இன்னும் பச்சையா கீது. அதுலயும் பாதி வயலுக்கா கூப்ட்ட?"

"மீதிக்கும் நீதான் வரணும். இப்ப இறங்கு."

மழை வரவில்லை. மறுநாளும் வெயில் சுளீரென்று அடித்தது. களத்தில் பரப்பிய நெல்லைக் காலால் கோடு கோடாகக் கிளறிக்கொண்டிருந்தாள். சின்னராசு ஓரமாக நின்று, "எங்க உன் நாப்பது?" என்றான்.

"மிச்சம் அறுபது இருந்துச்சில்ல, அது வந்துகீது." அவள் கால் நிற்கவில்லை. "ஈர நெல்ல காய வெச்சிக்கலாம். முளைச்சத இன்னா பண்ணுவ?"

சின்னராசு ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தான். "நாளன்னைக்கு எவ்ளோ காட்டுது?"

"எழுவது."

மேட்டு வயல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தினகரனுக்குத் தானே போன் போட்டான்.